எண்ணிக்கை சரிதான், இரத்தம் நிற்கவில்லையே!

டிங்கி காய்ச்சல் வந்த வீட்டில் எல்லாரும் கணக்கப்பிள்ளை ஆகிவிடுவார்கள். “நேத்து தொண்ணூறாயிரம், இன்னைக்கு அறுபதாயிரம், நாளைக்கு ஏறிடும்னு டாக்டர் சொல்றார்” என்று கூலிம் மருத்துவமனை வார்டுக்கு வெளியே நின்று சித்தப்பா போனில் சொல்வார். கரங்கானில் இருக்கும் பாட்டி, பப்பாளி இலையை இடித்துச் சாறு எடுத்துக் கொடுத்தனுப்புவார். ‘இரத்தத் தட்டணு’ என்ற சொல்லை நம் வீடுகளுக்குள் கொண்டு வந்தது பள்ளிப் பாடமில்லை, கொசுதான்.

கொசு நடத்திய அந்தப் பாடத்தில் பாதி விடுபட்டுப் போனது. தட்டணு குறைந்தால் ஆபத்து, நிறைய இருந்தால் பயமில்லை என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். ஆனால் இரண்டரை இலட்சம், மூன்று இலட்சம் என்று தட்டணு முழுதாக இருந்தும், மூக்கில் வடியும் இரத்தம் மணிக்கணக்கில் நிற்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். பால் பல் விழுந்தால் தலையணை நனைந்துவிடும். ஓடி விளையாடிவிட்டு வந்தால் காலெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப் போயிருக்கும். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் “எல்லாம் நார்மல்” என்று தாள் வரும். வீட்டுக்கு வந்தால், “அவங்க குடும்பத்துக்கே சூட்டு உடம்பு” என்று பெரியவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது ‘கிளான்ஸ்மான் திரோம்பஸ்தீனியா’ என்ற பரம்பரை நோய். உலக அளவில் பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கு வரக்கூடியது என்பது பொதுவான மதிப்பீடு. அவ்வளவு அரிதான ஒன்றைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? இந்நோய் மற்ற இடங்களைவிட அதிகமாகப் பதிவாகியிருக்கும் இடங்களில் ஒன்று, நம் பாட்டன் பூட்டன் கப்பலேறிய தென்னிந்தியா. இன்னொன்றும் உண்டு. இந்நோயை ஆராய்ந்ததால் கிடைத்த மருந்துகள் இன்று மாரடைப்பு நோயாளிகளுக்குப் போகின்றன. இனிப்புநீரும் இருதய நோயும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமூகத்துக்கு இது பக்கத்து வீட்டுக் கதை மாதிரிதான்.

கயிறு உண்டு, கை இல்லை

தைப்பூசத் தேர் நகரும்போது பார்த்திருப்பீர்கள். கூட்டம் நெருக்கியடிக்கும். தொண்டர்கள் தேரைச் சுற்றி ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு அந்தக் கயிறு போகும். அதுதான் கூட்டத்தைத் தடுக்கும் சுவர்.

நம் இரத்தக் குழாயில் ஒரு கீறல் விழுந்தால் உள்ளே நடப்பதும் இதுதான். எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகி ஏழு முதல் பத்து நாள் வரை வாழும் தட்டணுக்கள் கீறல் விழுந்த இடத்துக்கு ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கான கயிறு, இரத்தத்தில் மிதக்கும் ‘ஃபைப்ரினோஜென்’ என்ற புரதம். கயிற்றைப் பிடிக்கும் கை, தட்டணுவின் மேற்பரப்பில் இருக்கும் இன்னொரு புரதம். ஒரு தட்டணுவில் அப்படி ஏறக்குறைய 80,000 கைகள் இருக்கின்றன.

கிளான்ஸ்மான் நோய் உள்ளவர்களுக்கு அந்தக் கை இருக்காது, அல்லது இருந்தும் பிடிக்காது. தொண்டர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், தலையை எண்ணினால் கணக்கு சரியாக இருக்கிறது, கயிறும் தயாராக இருக்கிறது. பிடிக்கத்தான் யாருக்கும் கை இல்லை. சாதாரண இரத்தப் பரிசோதனை தலையை மட்டும்தான் எண்ணும். தாளில் ‘நார்மல்’ என்று வருவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு ஓர் உறவுக்கார நோயும் உண்டு. 1948இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் பெர்னார்ட், சூலியே இருவரும் விவரித்தது. அதில் தட்டணுக்களால் காயத்தின் சுவரில் சரியாக ஒட்ட முடியாது. அவை அளவில் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். அதனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுவை அழிக்கும் வேறொரு நோய் என்று தவறாக எண்ணி, தேவையில்லாத ஸ்டீராய்டு மாத்திரைகளைக் கொடுப்பதும் மண்ணீரலையே எடுத்துவிடுவதும் நடந்திருக்கின்றன. பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஒரு குழந்தை மருத்துவரும் ஒரு தாய்மாமனும்

எட்வர்ட் கிளான்ஸ்மான் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர். 1918இல், தட்டணு போதுமான அளவு இருந்தும் இரத்தம் கசியும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். எண்ணிக்கையில் குறை இல்லை, தட்டணுவின் வேலையில்தான் குறை என்பதை அவர் கண்டுகொண்டார். ‘திரோம்பஸ்தீனியா’ என்றால் தட்டணுவின் பலவீனம். அந்தப் பலவீனத்துக்கான காரணம் அவர் காலத்தில் தெரியவில்லை. 1959இல் அவர் இறந்தார்.

அடுத்த திருப்பம் 1962இல் இலண்டனில் வந்தது. குஸ்தாவ் போர்ன் என்ற ஆய்வாளர் எளிமையான ஒரு கருவியை உருவாக்கினார். தட்டணுக்கள் மிதக்கும் கலங்கிய நீர்மத்துக்குள் ஒளியைச் செலுத்த வேண்டும். தட்டணுக்களைத் தூண்டும் மருந்தை ஒரு துளி விட வேண்டும். தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டால் நீர்மம் தெளியும், ஒளி தாராளமாக ஊடுருவும். சேராவிட்டால் கலங்கல் அப்படியே இருக்கும். கிளான்ஸ்மான் நோயாளிகளின் இரத்தத்தில் கலங்கல் தெளிவதில்லை. தலையை எண்ணுவதை விட்டுக் கையைச் சோதிக்கும் பரிசோதனை அன்றுதான் பிறந்தது. இன்றும் உலகெங்கும் இந்த முறைதான் அடிப்படை.

வானொலியில் பாட்டுப் போடும் எனக்கு இதில் பிடித்த செய்தி ஒன்று உண்டு. இந்தக் குஸ்தாவ் போர்ன், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் மேக்ஸ் போர்னின் மகன். எண்பதுகளில் உலகமே கேட்ட பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானின் அம்மா, இவருடைய உடன்பிறந்தவர். நம் முறையில் சொன்னால் பாடகிக்கு இவர் தாய்மாமன்.

1974இல் பாரிசில் ஆலன் நூர்டென், ஜாக் காயென் இருவரும் இந்த நோயாளிகளின் தட்டணுக்களில் ஒரு புரதம் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். அதுதான் நாம் மேலே சொன்ன கை. அந்தக் கையை உருவாக்கும் இரண்டு மரபணுக்களும் 17ஆம் குரோமோசோமில் இருக்கின்றன என்பது பின்னால் தெரிய வந்தது.

வேலூரில் 42 பேர்

தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அறியாதவர்கள் நம்மிலும் குறைவு. அங்கிருந்து 1981இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. உஷா கந்தூரி முதலிய மருத்துவர்கள், தென்னிந்தியாவைச் சேர்ந்த 42 கிளான்ஸ்மான் நோயாளிகளைப் பற்றி அதில் எழுதியிருந்தார்கள். பத்து இலட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயில் ஒரே மருத்துவமனை 42 பேரைக் காட்டியது சாதாரணமில்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 1990இல், அமெரிக்காவின் ஜேம்ஸ் ஜார்ஜும் பிரான்சின் காயெனும் நூர்டெனும் இந்நோயைப் பற்றி எழுதிய பெரிய மதிப்புரையில் தொகுக்க முடிந்ததே 177 பேரின் விவரங்களைத்தான்.

இதே போல அதிகம் பதிவான மற்ற மக்கள், ஈராக்கிலிருந்து இஸ்ரேலில் குடியேறிய யூதர்கள், ஜோர்டானிய அரபு மக்கள், பிரான்சின் மனூஷ் நாடோடிகள். மொழியும் மதமும் வேறு வேறு. ஆனால் எல்லாரிடமும் ஒரு பழக்கம் பொது. சொந்தத்துக்குள்ளோ சிறு வட்டத்துக்குள்ளோ பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அப்படியானால் இது தமிழர்களின் நோயா, தென்னிந்தியர்களின் நோயா? அதற்கான விடையும் வேலூரிலிருந்துதான் வந்தது. 2006இல், வேலூரின் சுகேஷ் நாயர், மம்மன் சாண்டி, அலோக் ஸ்ரீவஸ்தவா ஆகியோரும் இஸ்ரேலின் உரி செலிக்சோன், அமெரிக்காவின் பேரி காலர் ஆகியோரும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத 15 தென்னிந்திய நோயாளிகளின் மரபணுக்களைப் படித்துப் பார்த்ததில், அதுவரை உலகில் யாரும் பதிவு செய்யாத பத்துப் பிழைகள் அகப்பட்டன.

ஈராக்கிய யூதர்களிடம் கதை வேறு. அவர்களில் பெரும்பாலான நோயாளிகளிடம் ஒரே மரபணுப் பிழைதான் திரும்பத் திரும்ப வருகிறது. எப்போதோ வாழ்ந்த ஒரே முன்னோரிடமிருந்து அது கிளைவிட்டுப் பரவியிருக்கிறது. தென்னிந்தியாவில் அப்படி ஒற்றை வேர் இல்லை. இந்த வீட்டில் ஒரு பிழை, அந்த வீட்டில் வேறொரு பிழை. ஆகவே எந்த இனத்தின் மீதும் சாதியின் மீதும் இந்நோயை எழுதி ஒட்ட முடியாது. ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் தனித்தனியாக ஒளிந்திருக்கும் ஒரு சின்ன எழுத்துப்பிழை, சொந்தத்துக்குள் நடக்கும் திருமணத்தால் வெளியே வருகிறது. தென்னிந்தியாவில் நோய் கூடுதலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அத்தை மகனும் தாய்மாமனும்

இந்த எழுத்துப்பிழை எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஒரு பிரதியில் பிழை இருந்தாலும் மற்றது நன்றாக இருந்தால் பாதிக் கைகள் உருவாகும். பாதிக் கைகளே போதும். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. தங்களிடம் பிழை இருப்பதே தெரியாமல் தொண்ணூறு வயது வரை வாழ்ந்து போவார்கள். இவர்களைத்தான் மருத்துவர்கள் ‘கடத்திகள்’ என்கிறார்கள்.

இரண்டு கடத்திகள் திருமணம் செய்துகொண்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பிள்ளை கடத்தியாக இருக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. பிழையே இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. “மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி அடுத்த மூன்று பேருக்கும் வராது” என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. ஆண், பெண் என்ற வேறுபாடும் இதில் இல்லை. ஆண் பிள்ளைகளை அதிகம் தாக்கும் ஹீமோபீலியாவிலிருந்து இது வேறுபடும் இடம் அதுதான்.

அந்நியரோடு திருமணம் நடந்தால் இருவரிடமும் ஒரே மரபணுவில் பிழை இருப்பது மிக மிக அரிது. சொந்தத்தில் அப்படியில்லை. அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. இந்தியாவின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21இல் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் சொந்தத்தில் மணந்தவர்கள். இந்தியா முழுவதும் பார்த்தால் அது 11 விழுக்காடு.

கெடாவின் தோட்டங்களிலும் அந்த வழக்கம் தொடர்ந்தது. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற சொற்கள் ரப்பர் நிழலிலும் வாழ்ந்தன, செம்பனை நிழலிலும் வாழ்ந்தன. அதில் பாசமும் பாதுகாப்பும் இருந்தன. கடல் கடந்து வந்த இடத்தில் நம்பிப் பெண் கொடுக்கத் தெரிந்த குடும்பம் வேண்டுமே! சொந்தத்தில் மணந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான பிள்ளைகள்தான் பிறக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏற்கெனவே அப்படி மணந்தவர்கள் யாரும் இதைப் படித்துக் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இரத்தம் நிற்காத நோய் இருப்பது தெரிந்தபின், பரிசோதனை செய்யாமல் அதே வட்டத்துக்குள் அடுத்த கல்யாணத்தைப் பேசுவதுதான் கவலைக்குரியது.

சடங்கு வீட்டில் ஒரு மௌனம்

இந்நோயில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. முதல் மாதவிடாயே கட்டுக்கடங்காத இரத்தப்போக்காக மாறலாம். மருத்துவமனையில் சேர்த்து இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரலாம்.

நம் வீடுகளில் பெண் பருவமடைந்தால் கொண்டாட்டம். தாய்மாமன் சீர் வரும், மஞ்சள் நீர் ஊற்றுவார்கள், மண்டபம் எடுப்பதும் உண்டு. ஆனால் பிள்ளைக்குப் பத்து நாளாகியும் உதிரம் நிற்கவில்லை என்றால், அது பெண்களுக்குள் மட்டும் பேசப்படும் சங்கதியாகிவிடும். “எனக்கும் அப்படித்தான் இருந்தது, போகப் போகச் சரியாகிவிடும்” என்று அம்மா சொல்வார். அந்த வார்த்தை ஆறுதலாகத் தோன்றும். ஒரு மருத்துவருக்கு அதுவே குடும்ப வரலாறு பற்றிய முக்கியமான துப்பு.

மாதப்போக்கைக் கட்டுப்படுத்த மருத்துவர்கள் சில வேளைகளில் ஹார்மோன் மாத்திரை எழுதித் தருவார்கள். கல்யாணமாகாத பிள்ளைக்கு அந்த மாத்திரையா என்று பல குடும்பங்கள் தயங்கும். இங்கே அது கருத்தடைக்காகத் தரப்படுவதில்லை. இரத்தம் வடிந்து, இரும்புச் சத்து குறைந்து, வகுப்பில் மயங்கி விழும் பெண்ணுக்கு அது சிகிச்சை.

பிரசவமும் அப்படித்தான். நோய் இருப்பது முன்பே தெரிந்தால் வசதியுள்ள மருத்துவமனையில், தேவையான இரத்தப் பொருள்களைத் தயாராக வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்கலாம். தெரியாமல் போனால் அந்த இரவு யாருக்கும் வரக் கூடாத இரவு.

பாம்பு விஷமும் மாரடைப்பும்

ஓர் அரிய நோயைப் பற்றிய ஆராய்ச்சியால் மற்றவர்களுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி.

மாரடைப்பு என்பது என்ன? இருதயத்துக்குப் போகும் குழாயில் கொழுப்புப் படிவு வெடித்து, அதன் மேல் தட்டணுக்கள் கைகோத்துத் திரண்டு பாதையை அடைப்பது. இரத்தத்தை நிறுத்த வேண்டிய அதே கை, இங்கே நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துகிறது.

2006 ஆய்வில் பெயர் வந்ததே, பேரி காலர், அவர் எண்பதுகளில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இருந்தார். கிளான்ஸ்மான் நோயாளிகளுக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தம் வடிகிறது, ஆனால் காரணமில்லாமல் மூளைக்குள் இரத்தம் கசிவது அரிது என்பது தெரிந்திருந்தது. அப்படியானால், மாரடைப்பு ஆபத்தில் இருப்பவருக்கு அந்தக் கையைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கட்டிப்போட்டால் என்ன? சில மணி நேரத்துக்கு அவரைச் செயற்கையாகக் கிளான்ஸ்மான் நோயாளி போல ஆக்கினால் என்ன? அந்தக் கையில் போய் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும் ஓர் எதிர்ப்புப் புரதத்தை அவர் எலியின் உயிரணுக்களிலிருந்து உருவாக்கினார். அதிலிருந்து வந்த மருந்துதான் அப்சிக்சிமாப். இருதயக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சைக்குப் போன 2,099 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வெளியானது. மரணம், மாரடைப்பு, அவசர மறுசிகிச்சை ஆகியவை சேர்ந்து 35 விழுக்காடு குறைந்தன. இரத்தக் கசிவும் கூடியது என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்கா அந்த மருந்தை அனுமதித்தது.

அடுத்து வந்தவை இரண்டும் பாம்பு விஷத்திடம் பாடம் படித்தவை. 1998இல் அனுமதி பெற்ற எப்டிஃபிபடைட், அமெரிக்காவின் குட்டை ராட்டில் பாம்பின் விஷத்தில் உள்ள ஒரு புரதத்தைப் பார்த்துச் செய்தது. அதே ஆண்டு வந்த டைரோஃபிபன், சுருட்டை விரியனின் விஷத்தைப் பார்த்துச் செய்தது. ஊரில் வயல் வரப்பில் நம் முன்னோர் பயந்து ஒதுங்கிய அதே சுருட்டை விரியன்தான். கடித்தால் இரத்தம் நிற்காது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த விஷத்தில் தட்டணுவின் கையைப் பிடித்து நிறுத்தும் பொருளும் இருக்கிறது என்பதை ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது.

புதிய மாத்திரைகள் வந்தபின் இந்த ஊசிகளின் தேவை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனாலும் குழாயில் கட்டி அதிகமாக இருக்கும் அவசர நேரங்களில் இவற்றில் சில இன்றும் பயன்படுகின்றன.

சிகிச்சை எதுவரை வந்திருக்கிறது?

இவ்வளவு பேருக்கு மருந்து தந்த நோயாளிகளுக்கு என்ன கிடைத்தது? முழுமையாகக் குணப்படுத்தும் எளிய மருந்து இன்னும் இல்லை. ஆனால் கை விரிக்கும் நிலையும் இல்லை.

சிறிய கசிவுக்கு அழுத்திப் பிடிப்பதும், உருவான கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் போதும். பெரிய கசிவுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் தட்டணு ஏற்றுவார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நோயாளியின் உடல் அந்தக் ‘கை’ப் புரதத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை. தானமாக வரும் தட்டணுவில் அதைப் பார்த்ததும் அந்நியன் என்று எண்ணி எதிர்ப்புப் புரதம் உருவாக்கலாம். அதன்பின் ஏற்றும் தட்டணுக்கள் வேலை செய்யாமல் போகலாம். அதனால்தான் தேவையில்லாமல் தட்டணு ஏற்றக் கூடாது என்கிறார்கள் நிபுணர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஏழாம் உறைவுக் காரணி என்ற மருந்து கைகொடுக்கிறது. ஐரோப்பாவில் 2004இலும் அமெரிக்காவில் 2014இலும் இந்நோய்க்காக அனுமதி பெற்றது. விலைதான் மிக அதிகம்.

எலும்பு மஜ்ஜை மாற்றினால் நோய் முழுதாக நீங்கும் என்பதைப் பாரிஸ் மருத்துவர்கள் 1985இலேயே காட்டினார்கள். மாற்று சிகிச்சைக்கே ஆபத்துகள் உண்டு என்பதால், கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிலருக்கு மட்டுமே அது பொருந்தும். மரபணு சிகிச்சையும் மெல்ல நெருங்குகிறது. இதே குறையோடு பிறந்த நாய்களின் இரத்த ஊற்றணுக்களில் சரியான மரபணுவைச் செலுத்தி, இரத்தம் நிற்கும் திறனைக் கூட்டியதாக அமெரிக்க ஆய்வாளர்கள் 2011இல் அறிவித்தார்கள். மனிதர்களில் இதை ஒத்த வழி வேலூரில் திறந்திருக்கிறது. அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில் ஐந்து ஹீமோபீலியா நோயாளிகளின் ஊற்றணுக்களை எடுத்து, மரபணுவைச் செலுத்தித் திரும்ப ஏற்றிய சிகிச்சையின் முடிவு 2024இன் இறுதியில் வெளியானது. அது வேறு நோய். ஆனால் நடந்த பாதை கிளான்ஸ்மான் நோய்க்கும் பயன்படக்கூடியது.

கரங்கானில் இருப்பவர் என்ன செய்யலாம்?

முதலில் பதற வேண்டாம். பிள்ளைகளின் மூக்கில் இரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் சளியும் வறட்சியும் விரல் நுழைப்பதும்தான் காரணம். கவனிக்க வேண்டிய அடையாளங்கள் வேறு. அழுத்திப் பிடித்தும் பத்து நிமிடத்துக்கு மேல் மூக்கில் இரத்தம் நிற்காமல் அடிக்கடி வருவது, பல் பிடுங்கியபின் மறுநாளும் கசிவது, அடிபட்ட நினைவே இல்லாமல் உடம்பில் கன்றல்கள் தோன்றுவது, மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டிக் கட்டிகட்டியாகப் போவது. இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து வந்தால், அதுவும் பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்றால், மருத்துவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ‘எண்ணிக்கை நார்மல்’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். “தட்டணு வேலை செய்கிறதா என்று பார்க்க முடியுமா?” என்று கேளுங்கள். எல்லாருக்கும் கிளான்ஸ்மான் நோய் இருக்கப் போவதில்லை. அதைவிட மிகப் பரவலான, எளிதில் சமாளிக்கக்கூடிய வேறு இரத்தக் கசிவு நோய்கள் அந்தச் சோதனைகளில் தெரிய வரலாம்.

ஒரு நடைமுறைச் சிரமத்தையும் அறிந்திருப்பது நல்லது. குஸ்தாவ் போர்ன் வழியில் செய்யும் பரிசோதனைக்கு இரத்தம் புதிதாக இருக்க வேண்டும். எடுத்த சுமார் நான்கு மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். ஆகவே இரத்தத்தைப் போத்தலில் அனுப்பினால் போதாது. அந்த வசதி உள்ள இடத்துக்கு நோயாளியே போக வேண்டும். கோலாலம்பூர் துன் ரசாக் சாலையில் இருக்கும் தேசிய இரத்த மையம் இத்தகைய நோய்களுக்கு நாட்டின் முக்கிய மையங்களில் ஒன்று. வட்டார மருத்துவமனை வழியாகக் கடிதம் பெற்றுப் போகலாம். போவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பிருந்தே ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை எடுத்திருக்கக் கூடாது. முடிவு மாறிவிடும். வேறு நோய்க்காக மருத்துவர் தந்த மாத்திரையாக இருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

நோய் உறுதியானவர்கள் அந்த மாத்திரைகளை எப்போதுமே தவிர்க்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். பல்லையும் ஈறையும் சுத்தமாக வைத்திருப்பது இவர்களுக்கு அழகுக்காக மட்டுமில்லை, ஈறு வீங்கினால் இரத்தம் வடியும். பல் மருத்துவரிடமும் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் பெயர் எழுதிய அட்டையொன்று மைகார்டோடு பையில் இருக்கட்டும்.

தாலசீமியாவுக்கு 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்கு நாடு தழுவிய பரிசோதனை நடக்கிறது. கிளான்ஸ்மான் போன்ற அரிய நோய்க்கு அப்படியொன்று நடைமுறையில் முடியாது. இதற்கு இருக்கும் ஒரே முதல் பரிசோதனை, குடும்பத்தின் நினைவு. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த காலத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு மூக்கில் இரத்தம் வரும், யாருக்குப் பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போயிற்று என்று பத்து வீட்டுக்கும் தெரியும். டிரஸருக்கும் தெரியும். தோட்டங்கள் கைமாறின. பிள்ளைகள் கூலிம் தொழிற்பேட்டைக்கும் பினாங்குக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள். அந்த நினைவு இப்போது அத்தைகளிடமும் பாட்டிகளிடமும் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்களை உட்கார வைத்துக் கேட்டு, ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து எழுதி வையுங்கள். சின்ன வயதில் இறந்துபோன பிள்ளைகள் எப்படி இறந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

கல்யாணப் பேச்சில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பொருத்தம் பார்க்கும் அதே திண்ணையில், அதே மரியாதையோடு, பதினோராவதாக ஒன்று கேட்பதில் தப்பில்லை: “உங்க வீட்டில் யாருக்காவது பல் பிடுங்கி இரத்தம் நிற்காம இருந்ததுண்டா, அத்தே?”